பதாகை கட்டிய பிறகு

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலத்தில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று பாடசாலை வாசல்தோறும் பதாகைகள் தொங்கும். பிள்ளையின் படம், கிடைத்த பீடம், மாவட்ட நிலை. கீழே வாழ்த்துவோர் பெயர்கள்: பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம், ரியூசன் நிலையம், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய மாமா. அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். 2009 இல் இதே வீதியால் தாயின் இடுப்பில் இருந்தபடி இடம்பெயர்ந்த பிள்ளைகள் இவர்களுக்குள் இருக்கிறார்கள். செட்டிகுளம் முகாம்களில் தறப்பாளுக்குக் கீழே நடை பழகியவர்கள் இருக்கிறார்கள். பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத வருடத்தில் தாங்களே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பதாகை கட்டாமல் வேறு யாருக்குக் கட்டுவது?

ஆனாலும் ஓர் எண்ணம் சில காலமாக என்னை விடுவதாயில்லை. பதாகை கட்டுகிற நாளில் ஊரே கூடுகிறது. கௌரவிப்பு விழா வைக்கிறோம், மாலை போடுகிறோம், அதிபர் கண்கலங்கப் பேசுகிறார். மூன்று நான்கு மாதம் கழித்து அந்தப் பிள்ளை எங்கோ ஒரு விடுதி அறையில், விரிவுரையில் ஒரு சொல்லும் விளங்காமல் சுவரைப் பார்த்தபடி இருக்கிறபோது, என்ன நடக்கிறது என்று கேட்க ஊரில் ஆளில்லை. அதைவிட மோசம், நாங்கள் கட்டிய பதாகையே பிள்ளையின் வாயைக் கட்டிவிடுகிறது. இவ்வளவு பேர் பார்த்த படத்துக்குரியவள், வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து "என்னால் முடியவில்லை" என்று எப்படிச் சொல்வாள்?

நான் முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் கற்பிக்கிறேன். இந்த எண்ணம் எனக்குள் இறுகியதற்குக் காரணம் என் மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம். மலைநாட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் விஞ்ஞான பீடம் கிடைத்து, எல்லோரும் வழியனுப்பிவைத்துப் போனவள்.

ஓம் என்ற ஒரே பதில்

காய்ச்சல் என்று சொல்லி முதலாம் ஆண்டின் நடுவில் வீட்டுக்கு வந்தாள். காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. அவள் திரும்பிப் போகவில்லை. கிழமைகள் போயின. ஒருநாள் பின்னேரம் தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சேர், பிள்ளை என்னோடு கதைக்கிறாள் இல்லை. படிப்பு வேண்டாம் என்கிறாள். காரணம் கேட்டால் அழுகிறாள். நீங்கள் ஒருக்கால் வந்து கேட்டுப் பாருங்கள்" என்றார். கணவரைக் கடைசிப் போரில் இழந்தவர். விடியப்புறம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து, வயல் வேலை நடக்கிற காலத்தில் கூலிக்கும் போய் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். தானாக வந்து ஒருவரிடம் உதவி கேட்கிறவர் அல்லர்.

போனேன். மகளிடம் கேட்பதற்கு முன் தாயிடம், "நீங்கள் தினமும் தொலைபேசியில் என்ன கதைப்பீர்கள்?" என்று கேட்டேன். "சாப்பிட்டாயா என்று கேட்பேன். ஓம் என்பாள். படிக்கிறாயா என்று கேட்பேன். ஓம் என்பாள். சுகமாக இருக்கிறாயா என்றால் அதற்கும் ஓம். வேறு என்ன சேர் கேட்கிறது? எனக்கு அந்தப் படிப்பைப் பற்றி என்ன தெரியும்?" மகள் கதிரையில் குனிந்தபடி இருந்தாள். இந்த உரையாடல் எங்கள் பக்கத்து வீடுகளில் இரவு தவறாமல் நடப்பது. பாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு ஓம் என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல இடமே இல்லை.

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். உயர்தரக் கணிதத்தின் தாயத்தையும் காவியையும் தொகையீட்டையும் தமிழில் கரைத்துக் குடித்தவள் அவள். அங்கே எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. மொழியைக்கூட எப்படியாவது சமாளித்திருப்பாள். படிப்பின் தன்மையே மாறிப்போயிருந்தது. உயர்தரத்தில் எங்கள் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களை இருபது வருடத்துக்குப் பின்னோக்கிச் செய்து பழகியவர்கள். ஒரு வினாவைக் கண்டால் கை தானாக எழுதும். முதலாம் ஆண்டுக் கணிதத்தில் எல்லை என்பதையே எப்சிலன், டெல்ற்றா வைத்து நிறுவச் சொல்கிறார்கள். விடை தெரிந்த ஒன்றை ஏன் நிறுவ வேண்டும் என்று விளங்காமல் நல்ல பிள்ளைகளே திகைத்துப் போவார்கள். அது திறமைக் குறைவு அன்று. பழகிய வழி முடிந்து புது வழி தொடங்குகிற இடம் அது, எல்லோரும் தடுமாறுகிற இடம். தடுமாறுவது தான் மட்டும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கணினி நிரலாக்கப் பாடம் இன்னும் கொடுமை. மடிக்கணினி இல்லாமல் போனவள். ஆய்வுகூடத்தில் மற்றவர்கள் தட்டிக்கொண்டிருக்கும்போது இவள் விசைப்பலகையில் எழுத்தைத் தேடியிருக்கிறாள். இடைப்பருவப் பரீட்சை இரண்டில் புள்ளி மிகக் குறைவு.

இன்னொன்றையும் சொன்னாள். யாரோ ஒரு சக மாணவன் பேச்சுவாக்கில் "நீங்கள் கோட்டாவில் வந்தவர்கள்தானே" என்று சொல்லியிருக்கிறான். அந்தச் சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பங்கிடப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கொழும்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு ரியூசன் போன பிள்ளையின், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியையும், ஒரு பாடத்துக்கு ஆசிரியரே இல்லாமல் படித்த பிள்ளையின் இசட் புள்ளியையும் ஒரே கோலால் அளக்க முடியாது என்று அரசே ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஆனால் இதை அவளுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லிவைக்கவில்லை. எனவே அந்தச் சொல்லுக்கு அவளிடம் பதில் இருக்கவில்லை.

கொப்பியில் எழுதியது

அதுவரை தாய் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். நான், "பரவாயில்லை, ஒரு பாடம் தவறினால் அடுத்த முறை திரும்ப எழுதலாம்" என்றபோது நிமிர்ந்து பார்த்தார். "திரும்ப எழுதலாமா? அப்படி ஒன்று இருக்கிறதா?" ஒரு பாடத்தில் தவறினால் பல்கலைக்கழகத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று அவர் நம்பியிருந்தார். அவருக்குச் சொல்ல யார் இருந்தார்கள்? அவர் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள் அவருடைய மகள்.

அவர் உள்ளே போய் ஒரு கொப்பியை எடுத்து வந்தார். இடியப்பக் கணக்கு, சீட்டுக் காசு, பெண்கள் குழுவில் எடுத்த கடன் எல்லாம் அதில் இருந்தன. ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, பேனாவைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்தார். "எத்தனை பாடம்?" மகள் சொன்னாள். எழுதினார். "எது விளங்குகிறது? எது விளங்கவில்லை?" எழுதினார். "அந்தப் பரீட்சை மறுபடி எப்போது வரும்? அதற்குக் காசு கட்ட வேண்டுமா? விளங்காததை அங்கே யாரிடம் கேட்பாய்? தமிழில் கதைக்கக்கூடிய ஒரு ஆளாவது அங்கே இருக்கிறாரா? அவருடைய பெயர் என்ன?" ஒவ்வொரு கேள்விக்கும் மகள் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். முதலில் ஒரு சொல்லில், பிறகு ஒரு வசனத்தில், கொஞ்ச நேரத்தில் தானாகவே. தமிழ் விரிவுரையாளர் ஒருவர் இருக்கிறார், மாணவர் ஆலோசகராகவும் இருக்கிறார், தான் ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை என்றாள். கடைசியில் தாய் கேட்டார்: "உன்னிடம் கம்பியூட்டர் இல்லாமல் இவ்வளவு பாடு இருக்கிறது என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"வாசலில் என்னுடைய படம் தொங்குகிறது அம்மா. நான் எப்படிச் சொல்கிறது?"

"படம் கட்டினவர்களா உன்னைப் பெற்றார்கள்?"

நான் அதற்குப் பிறகு பேசத் தேவை இருக்கவில்லை. நான் ஆறுதலாகச் சொன்ன எதுவும் அந்தப் பிள்ளையை அசைக்கவில்லை. தாய் கொப்பியை வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகள்தான் அசைத்தன. இத்தனை மாதம் மகள் சுமந்த பாரத்தின் அளவு முதல் தடவையாக வீட்டுக்குத் தெரிந்தது. அளவு தெரிந்ததும் அது தூக்கக்கூடிய பாரம் என்றும் தெரிந்தது. நோயாளியின் வீட்டார் மருத்துவரிடம் கேட்பதுபோல அவர் கேட்டார்: என்ன நோய், என்ன மருந்து, எத்தனை நாள், எவ்வளவு செலவு.

அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்தே பஸ் ஏறினார்கள். வவுனியாவுக்கு அப்பால் அந்தத் தாய் போனது அதுதான் முதல் தடவை. விடுதிப் பொறுப்பாளரைச் சந்தித்தார். அந்த விரிவுரையாளரையும் சந்தித்து, கொப்பியைப் பார்த்துக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வந்தார். மகள் நிரலாக்கத்தில் அந்த முறை சித்தியடையவில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மீள எழுதுகிற பாடத்துக்கு எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சி தரத்துக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். அந்தச் சியை எடுத்துக்கொண்டு அவள் அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டாள்.

பெற்றோரையும் ஒருநாள் கூப்பிடுங்கள்

இதற்குப் பிறகுதான் எங்கள் பாடசாலையில் ஒரு கூட்டம் வைக்கத் தொடங்கினோம். கௌரவிப்பு விழா போன்றதல்ல. மேடையும் மாலையும் இல்லை. பதிவுக்குப் போகும் முன் பிள்ளைகளும் பெற்றோரும் வருவார்கள், ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் இருக்கிற எங்கள் மாணவர்கள் சிலர் வருவார்கள். பிள்ளைகளுக்கு வழிகாட்டல் கருத்தரங்கு எங்கேயும் நடக்கிறது. வீட்டாருக்கு நடப்பது அரிது. முதலாம் ஆண்டு பிள்ளைக்கு மட்டும் வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். வன்னியில் அது வீட்டுக்கும் சேர்த்துத்தான் வருகிறது.

அங்கே பெற்றோருக்கு அதிகம் தெரியாதிருந்தது வரவு விதி. பெரும்பாலும் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். தூரத்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகளைவிட, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக பீடங்களுக்கும் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவுக்கும் போன பிள்ளைகள்தான் இதில் அதிகம் அகப்படுகிறார்கள். பக்கத்தில்தானே என்று காலபோக அறுவடைக்கு வரச் சொல்வோம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வராமல் இருக்கலாமா என்போம். சின்னம்மாவின் வீடு குடிபுகுதல் என்போம். பிள்ளை மறுக்காது. ஒரு தகப்பன் எழுந்து, "கண்ணகியம்மன் பொங்கலுக்கு வரவேண்டாம் என்று நான் எப்படிச் சேர் சொல்கிறது?" என்று கேட்டார். வரவேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. "அன்றைக்கு உனக்கு என்ன இருக்கிறது?" என்று முதலில் கேட்டுவிட்டு அழையுங்கள் என்றேன். பரீட்சை நாளில் நோய் வந்தால் மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளச் செய்தோம். கசாயம் கொடுத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டு, பிறகு சான்றிதழ் இல்லாமல் தவித்த குடும்பம் எனக்குத் தெரியும்.

பணம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், உதவுதொகை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் உயர்ந்தன. நல்லது. ஆனால் முதல் தவணை பிள்ளையின் வங்கிக் கணக்கில் விழ மாதங்கள் ஆகும். மெத்தை, உடுப்பு, ஆய்வுகூட மேலங்கி, பஸ் காசு, எல்லாவற்றுக்கும் மேலாக மடிக்கணினி என்று எல்லாச் செலவும் அதற்கு முன்பே வந்து நிற்கும். அந்த இடைவெளியில்தான் தோடு அடகுக்குப் போகிறது, நுண்கடன்காரர் வாசலுக்கு வருகிறார். பதாகைக்கும் விழாவுக்கும் பணம் கொடுக்கிற வெளிநாட்டு உறவுகளிடம் நான் வெளிப்படையாகவே கேட்கிறேன்: ஒரு பிள்ளையின் முதல் ஐந்து மாதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய மாணவர் சங்கம் நாலைந்து மடிக்கணினிகளை வாங்கி இரவல் கொடுத்து வாங்கினால், எங்கள் பிள்ளைகளின் முதலாம் ஆண்டில் பாதிப் பாரம் குறையும்.

பகிடிவதை பற்றிப் பேசியபோது மண்டபத்தில் சத்தம் அடங்கியது. "எல்லோரும் பட்டதுதானே, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்" என்று வீட்டில் சொல்கிற வழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லவே கூடாது என்பது என் முடிவு. 1997 இல் பேராதனையில் பொறியியல் மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதையால் இறந்தபின், 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரையிலும், அதில் பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரையிலும் சிறை. இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் பிள்ளைகள் ஏன் பொறுத்துப் போகிறார்கள்? எங்கள் மாணவர்கள் சொன்ன காரணம் எனக்கு நன்றாக விளங்கியது. பரீட்சைக்கு முன் மேல் வகுப்பு மாணவர்கள் எடுக்கும் குப்பி வகுப்பும், பழைய குறிப்புகளும் அவர்களுடைய கையில் இருக்கின்றன. அடங்காதவனுக்குக் குப்பி இல்லை. ஆங்கிலத்தில் விளங்காத பிள்ளைக்குக் குப்பி இல்லை என்றால் பரீட்சையே இல்லை. அதனால்தான் வன்னிப் பிள்ளையின் கழுத்தில் அந்தக் கயிறு இன்னும் இறுகுகிறது. இதற்கு அறிவுரை போதாது, மாற்று வழி வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே குறிப்புகளைச் சேர்த்து, ஒரு நிபந்தனையும் இல்லாமல் அடுத்த தொகுதிக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தக் கூட்டங்களால் விளைந்தவற்றில் எனக்கு மிகவும் பெருமையானது அதுதான்.

தெற்கே போகும் பிள்ளைகளின் தாய்மார் கேட்க விரும்பி வாய்க்குள்ளேயே வைத்திருக்கிற கேள்வி ஒன்று உண்டு. அவர்களுடைய அனுபவத்தில் சிங்களம் பேசிய மனிதர் பெரும்பாலும் சீருடையில் இருந்தவர். அந்தப் பயத்தை யாரும் பழிக்கக் கூடாது, அது கண்ணால் கண்டதிலிருந்து வந்தது. ஆனால் பயத்தைப் போக்க மேடைப் பேச்சு உதவாது. பதுளையில் படிக்கிற மாணவி ஒருத்தி வந்து, தன் அறைத் தோழி மொனராகலைப் பிள்ளை என்றும், அவளுடைய தகப்பனும் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிறவர் என்றும், யானை வயலுக்குள் இறங்கிய கதையை இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லித்தான் நண்பிகளானார்கள் என்றும் சொன்னாள். தாய்மார் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். குளிர் எப்படி, சோறு எப்படி, இரவில் விடுதிக்கு எத்தனை மணிக்குள் வர வேண்டும், கோயில் இருக்கிறதா. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

கொப்பி வைத்திருந்த தாயும் இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறார். என்னைவிட நன்றாகப் பேசுகிறார். கடந்த கூட்டத்தில் அவர்தான் எழுந்து கேட்டார்: "முதலாம் ஆண்டு முடிந்ததும் விடுதியிலிருந்து எழும்பச் சொல்கிறார்கள். பெண்பிள்ளை அந்நிய ஊரில் அறை தேடி எங்கே போகிறது?" விடுதி இடத்தை முதலாம், இறுதி ஆண்டுகளுக்குத்தான் பல இடங்களில் முதலில் கொடுக்கிறார்கள். நடுவில் உள்ள வருடங்களுக்கு வெளியே வாடகை அறைதான். இப்போது இறுதியாண்டு மாணவர்கள் இருவர், எங்கள் பிள்ளைகள் தங்கிய அறைகள், வாடகை, வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர், பஸ் தரிப்பிடம் எவ்வளவு தூரம் என்பவற்றைத் திரட்டி எழுதுகிறார்கள். வவுனியாவும் யாழ்ப்பாணமும் பேராதனையும் ஓரளவு முடிந்துவிட்டன. பதுளை, பெலிஹுல்ஓயா, மாத்தறைப் பக்கம் விவரம் போதாது. அங்கே படித்தவர்கள், படிக்கிறவர்கள் இதை வாசித்தால் உங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புங்கள். அடுத்த தொகுதிப் பிள்ளைகள் பதிவுக்குப் போகும் முன் அது எங்கள் கையில் இருக்க வேண்டும்.